படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை: வெளி ஹார்டு டிஸ்க்கும் வேற்று இயங்குதளமும்

“இது விண்டோஸ் ஹார்டு டிஸ்க், மேக்கில் ஓடாது” என்று கணினிக் கடைகளில் சொல்லக் கேட்டிருப்போம். அப்படிச் சொல்பவர் பிரச்சினை இருப்பதைச் சரியாகவே கண்டுகொண்டிருக்கிறார். அது எங்கே இருக்கிறது என்பதில்தான் தவறிவிடுகிறார். திருமண வீடியோ எடுக்கும் என் நண்பர் ஒருவர் பல ஆண்டுகள் விண்டோஸ் கணினியில் வேலை செய்துவிட்டு, அண்மையில் ஒரு மேக்புக் வாங்கினார். தம்முடைய பழைய 2 டிபி வெளி ஹார்டு டிஸ்க்கை அதில் செருகியதும் எல்லாத் திருமணங்களும் வரிசையாகத் தெரிந்தன. எந்த வீடியோவைத் தட்டினாலும் ஓடியது. ஆனால் புதிதாக எடிட் செய்து முடித்த ஒரு வீடியோவை அந்த டிஸ்க்குக்குள் இழுத்துப் போட முயன்றபோது, சுட்டிக்கு அருகே குறுக்குக் கோடிட்ட சிறு வட்டம் ஒன்று தோன்றியது. வீடியோ புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டது.

அவர் விசாரித்த மூன்று பேரும் மூன்று விளக்கம் சொன்னார்கள். டிஸ்க்கில் வைரஸ் புகுந்துவிட்டது என்றார் ஒருவர். டிஸ்க் சாகப்போவதன் அறிகுறி இது என்றார் இன்னொருவர். மேக்குக்கென்றே தனி ஹார்டு டிஸ்க் விற்கிறார்கள், அதைத்தான் வாங்க வேண்டும் என்றார் மூன்றாமவர். மூன்றுமே தவறு. டிஸ்க்கும் நலமாக இருந்தது, மேக்கும் நலமாக இருந்தது. அப்படியானால் தடை எங்கிருந்து வருகிறது என்பதை அடியிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

டிஸ்க்குக்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது

வெளி ஹார்டு டிஸ்க்கை யூஎஸ்பி கம்பி வழியாகக் கணினியில் செருகும்போது, அது தன்னை எண்ணிட்ட பெட்டிகளின் நீண்ட வரிசையாக மட்டுமே அறிமுகப்படுத்திக்கொள்கிறது. ஒவ்வொரு பெட்டியிலும் 512 பைட்டோ 4,096 பைட்டோ அடங்கும். “இந்த எண்ணுள்ள பெட்டியில் இருப்பதைக் கொடு”, “இந்த எண்ணுள்ள பெட்டியில் இதை வை” என்ற இரண்டு வகைக் கட்டளைகள்தான் அதற்கு முக்கியம். கோப்பின் பெயர், அது இருக்கும் ஃபோல்டர், அதை உருவாக்கிய தேதி ஆகிய எதுவும் டிஸ்க்குக்குத் தெரியாது. ஒரே கம்பி, ஒரே பெட்டி வரிசை, ஒரே கட்டளைகள். செருகியிருப்பது விண்டோஸ் கணினியா மேக்கா என்பதுகூட அதற்குப் பொருட்டில்லை. ஆகவே ‘விண்டோஸ் டிஸ்க்’, ‘மேக் டிஸ்க்’ என்று தனித்தனிச் சாதனங்கள் கிடையாது. அட்டைப் பெட்டியின் மேல் ‘மேக்குக்கானது’ என்று அச்சிட்டிருந்தால், தொழிற்சாலையில் அதற்குள் எந்த வகைக் கணக்கைத் தொடங்கி வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் பெரும்பாலும் அது குறிக்கிறது.

கணக்கு என்று இங்கே சொன்னது வெறும் உவமை அல்ல. எந்தக் கோப்பு எந்தெந்தப் பெட்டிகளில் கிடக்கிறது, எந்தப் பெட்டிகள் காலியாக இருக்கின்றன என்பதை யாராவது எங்காவது எழுதி வைத்தே ஆக வேண்டும். அப்படி எழுதி வைக்கும் முறைக்குக் கோப்பு முறைமை என்று பெயர். அந்தக் கணக்கும் அதே டிஸ்க்கின் சில பெட்டிகளில்தான் இருக்கிறது. அதை எழுதுவதும் புரட்டுவதும் இயங்குதளத்தின் வேலை. இயங்குதளம் என்பது விண்டோஸ், மேக்ஓஎஸ், லினக்ஸ் போன்று கணினியின் எல்லா வேலைகளுக்கும் அடித்தளமாக ஓடும் மென்பொருள்.

ஒரு குழப்பத்தை இங்கேயே விலக்கிவிடுவது நல்லது. வேர்டு ஆவணம், எம்பி4 வீடியோ என்பவை கோப்பு வகைகள். ஒரு கோப்பின் உள்ளடக்கம் எப்படி அமைந்திருக்கிறது என்பதை அவை சொல்கின்றன. கோப்பு முறைமையோ கோப்புகளை எங்கே வைப்பது என்பதைப் பற்றியது. வீடியோவை எம்பி4-இலிருந்து வேறு வகைக்கு மாற்றிப் பார்த்தால் டிஸ்க் ஏற்றுக்கொள்ளும் என்று நம்பி ஒரு மதியப் பொழுதை வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும்.

சுருங்கச் சொன்னால், டிஸ்க் என்பது எண்ணிட்ட பெட்டிகளின் வரிசை. கோப்பு முறைமை என்பது அந்தப் பெட்டிகளுக்கான கணக்கு. கணக்கை எழுதுவது இயங்குதளம்.

மண்டியின் சிட்டையும் பேரேடும்

ஒரு நெல் மண்டியை எண்ணிப் பாருங்கள். பின்கட்டில் கிடங்கு, அதில் எண்ணிட்ட அடுக்குகளில் மூட்டைகள். எந்த மூட்டை யாருடையது என்று மூட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. முன்கட்டில் கணக்குப்பிள்ளை வைத்திருக்கும் ஏடுகளில்தான் அது இருக்கிறது. அன்றன்றைய வரவு செலவை நடந்த வரிசையிலேயே குறித்துக்கொள்ளும் சிட்டை ஒன்று. ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி அந்தக் குறிப்புகளைப் பிரித்து எழுதும் பேரேடு ஒன்று. எந்த அடுக்கு காலி, எது நிரம்பியது என்று காட்டும் கிடங்குப் பட்டியல் ஒன்று.

கணக்குப்பிள்ளை ஊருக்குப் போயிருக்கும் நாளில், வேறு ஊர் மண்டியில் கணக்கெழுதிப் பழகிய ஒருவர் உதவிக்கு வருகிறார். “கந்தசாமியின் மூட்டைகள் எங்கே?” என்று கேட்டால், பேரேட்டைப் புரட்டி அவர் பக்கத்தைக் கண்டுபிடித்து “பதினேழாம் அடுக்கு” என்று சொல்லிவிட அவரால் முடியும். சில குறியீடுகள் புரியாவிட்டாலும் பாதகமில்லை. தவறான அடுக்கைச் சொல்லிவிட்டாலும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வரலாம். கணக்கும் மூட்டைகளும் அப்படியே இருக்கும்.

அதே ஆளிடம் புதிதாக வந்த இருபது மூட்டையை வரவு வைக்கச் சொன்னால் நிலைமை வேறு. காலி அடுக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கிடங்குப் பட்டியலில் குறிக்க வேண்டும், சிட்டையில் ஏற்ற வேண்டும், பேரேட்டில் உரியவர் பக்கத்தில் எழுத வேண்டும், இருப்பைத் திருத்த வேண்டும். அவ்வளவும் இந்த மண்டியின் வழக்கப்படி நடக்க வேண்டும். கிடங்குப் பட்டியலில் குறிப்பதை மட்டும் அவர் மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் கணக்குப்பிள்ளை திரும்பி வந்து, அந்த அடுக்கு காலி என்று நம்பி, வேறொருவர் சரக்கை அங்கே இறக்கச் சொல்வார். கிடங்கில் இரண்டு பேர் மோதிக்கொண்டாவது தவறு வெளிப்படும். டிஸ்க்கில் அப்படி மோதல் எதுவும் நடக்காது. பழைய சரக்கின் மேலேயே புதியது ஓசையின்றி எழுதப்பட்டுவிடும்.

படிப்பதில் நேரும் பிழை படிப்பவரை மட்டும் பாதிக்கிறது. எழுதுவதில் நேரும் பிழை, அந்த டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் எல்லாவற்றையும் பாதிக்கக்கூடியது. ஒரு கோப்பைப் படிக்க, அந்தக் கோப்பைப் பற்றிய குறிப்பைப் புரிந்துகொண்டால் போதும். ஒரு கோப்பை எழுதவோ, முழுக் கணக்குக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

உண்மையில் எழுதப்படுவது என்ன?

இன்றைய விண்டோஸ் பயன்படுத்தும் முதன்மைக் கோப்பு முறைமைக்கு என்டிஎஃப்எஸ் என்று பெயர். 1993-இல் வெளிவந்த விண்டோஸ் என்டி 3.1 உடன் அறிமுகமானது இது. பல பெரிய வெளி ஹார்டு டிஸ்க்குகள் கடையிலிருந்து வரும்போதே இந்தக் கணக்கைச் சுமந்துகொண்டு வருகின்றன. என் நண்பருடையதும் அப்படித்தான்.

அதில் ‘தாலி கட்டுதல்’ என்ற பெயரில் ஒரு வீடியோவை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். என்டிஎஃப்எஸ்ஸின் பேரேட்டில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பதிவு உண்டு. ஒரு பதிவு பொதுவாக 1,024 பைட் அளவுடையது. முதலில் அந்தப் பேரேட்டில் காலிப் பதிவு ஒன்றைப் பிடிக்க வேண்டும். அதில் கோப்பின் பெயர், அளவு, தேதிகள், யார் திறக்கலாம் என்ற அனுமதி விவரம் ஆகியவற்றை எழுத வேண்டும். அடுத்து வீடியோவின் உள்ளடக்கத்துக்கு இடம் தேட வேண்டும். என்டிஎஃப்எஸ் டிஸ்க்கைப் பொதுவாக 4,096 பைட் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கிறது. நண்பரின் 2 டிபி டிஸ்க்கில் அப்படி ஏறத்தாழ 48 கோடியே 82 லட்சம் கட்டங்கள். கட்டம் ஒன்றுக்கு ஒரு பிட் (0 அல்லது 1 என்ற ஒற்றைக் குறி) வீதம், காலியா நிரம்பியதா என்று காட்டும் பட்டியல் ஒன்று இருக்கிறது. அந்தப் பட்டியல் மட்டுமே சுமார் 61 எம்பி இடத்தைப் பிடிக்கும். தேர்ந்தெடுத்த கட்டங்களை அதில் நிரம்பியவை என்று குறித்துவிட்டு, அதே எண்களைக் கோப்பின் பதிவிலும் எழுத வேண்டும். அதன் பிறகு அந்தக் கோப்பு இருக்கப்போகும் ஃபோல்டரின் அகரவரிசைப் பட்டியலில் உரிய இடத்தில் பெயரைச் செருக வேண்டும். அந்தப் பக்கத்தில் இடமில்லை என்றால் பக்கத்தை இரண்டாகப் பிரித்து மேலிருக்கும் பக்கத்தையும் திருத்த வேண்டும். (மிகச் சிறிய கோப்பாக இருந்தால் அதன் உள்ளடக்கம் பேரேட்டுப் பதிவுக்குள்ளேயே அடங்கிவிடும், தனிக் கட்டமே தேவைப்படாது. கணக்கேட்டின் ஓரத்திலேயே பிடி நெல்லைக் கட்டி வைப்பது போன்ற இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.)

இவ்வளவும் பாதி நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டால்? கம்பியை யாராவது பிடுங்கிவிட்டால்? அதற்காகத்தான் சிட்டை. கணக்கில் செய்யப்போகும் மாற்றங்களை என்டிஎஃப்எஸ் முதலில் ஒரு தனிக் கோப்பில் குறித்துக்கொண்டு, பிறகே பேரேட்டில் கைவைக்கிறது. இதற்கு நாள்வழிப் பதிவு என்று பெயர் வைத்துக்கொள்வோம். இடையில் வேலை நின்றுபோனால், மறுமுறை செருகும்போது இயங்குதளம் இந்த நாள்வழிப் பதிவைப் படித்து, முடிக்கக்கூடியதை முடித்து, முடியாததை விலக்கிவிடும். வெளியாள் ஒருவர் பேரேட்டை மட்டும் திருத்திவிட்டு நாள்வழிப் பதிவைக் கண்டுகொள்ளாமல் விட்டால், அடுத்த முறை விண்டோஸ் அந்தப் பழைய குறிப்பை நம்பிச் சரியான கணக்கையே தவறாக மாற்றிவிட வாய்ப்புண்டு. எழுதும் உரிமையைக் கொடுக்கத் தயங்குவதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

இந்தப் பகுதியின் சாரம் இதுதான்: ஒரு கோப்பை எழுதுவது என்பது குறைந்தது நான்கைந்து ஏடுகளை ஒன்றோடொன்று முரண்படாமல் திருத்துவது. ஓர் ஏடு பிசகினாலும் மற்றவை பொய்யாகிவிடும்.

மேக் ஏன் மறுக்கிறது, லினக்ஸ் எப்படி எழுதுகிறது

மேக் தன் சொந்தக் கணக்குக்கு வேறு முறைமைகளை வைத்திருக்கிறது. 1998 முதல் எச்எஃப்எஸ் பிளஸ் இருந்தது. 2017-இல் வந்த ஹை சியரா பதிப்பிலிருந்து ஏபிஎஃப்எஸ் அதன் இடத்தைப் பிடித்தது. என்டிஎஃப்எஸ் கணக்கைப் படிக்கும் திறன் 2003-இல் வெளிவந்த பாந்தர் பதிப்பிலேயே மேக்குக்குக் கிடைத்துவிட்டது. எழுதும் வசதியை ஆப்பிள் இன்றுவரை முறையாக அளிக்கவில்லை. நடுவில் சில பதிப்புகளில், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் என்ற செயலியில் ஒரு கட்டளையைக் கொடுத்து அரைகுறையாக எழுத வைக்கும் வழியொன்று மறைந்து கிடந்தது. அதை நம்பித் தங்கள் கோப்புகளைச் சிதைத்துக்கொண்டவர்கள் உண்டு. இணையத்தில் இன்னும் அந்தக் கட்டளை சுற்றிக்கொண்டிருக்கிறது. முக்கியமான டிஸ்க்கில் அதை முயல வேண்டாம் என்பது என் கருத்து.

என்டிஎஃப்எஸ்ஸின் முழுமையான இலக்கணத்தை மைக்ரோசாஃப்ட் பொதுவில் வெளியிட்டதில்லை. ஆகவே வெளியார் அதைக் கற்றுக்கொண்டது, பல டிஸ்க்குகளின் பெட்டிகளைத் திறந்து பார்த்து, ஒரு மாற்றத்துக்குப் பிறகு எந்தெந்த எண்கள் மாறின என்று ஒப்பிட்டு, வழக்கத்தை ஊகித்துத்தான். லினக்ஸ் உலகில் இந்த உழைப்பின் விளைவாக என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற மென்பொருளின் நிலையான முதல் பதிப்பு 2007-இல் வெளிவந்தது. அதன் பிறகுதான் சாதாரணப் பயனர்கள் லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிஸ்க்கில் அச்சமின்றி எழுதத் தொடங்கினார்கள். பின்னர் பாரகன் என்ற நிறுவனம் தன்னுடைய என்டிஎஃப்எஸ் நிரலை லினக்ஸுக்குக் கொடையாக அளித்தது. அது 2021 அக்டோபர் இறுதியில் வெளியான லினக்ஸ் கெர்னல் 5.15-இல் சேர்க்கப்பட்டது. கெர்னல் என்பது இயங்குதளத்தின் உட்கரு. மேக்கிலும் இதே வகையில் என்டிஎஃப்எஸ் எழுதக் கற்றுக்கொடுக்கும் மென்பொருள்களைப் பாரகன், டக்செரா போன்ற நிறுவனங்கள் விற்கின்றன. அவற்றை நிறுவினால் நண்பரின் டிஸ்க்கில் அப்படியே எழுதலாம். பொதுவாக அவை நன்றாகவே வேலை செய்கின்றன. மேக்ஓஎஸ்ஸின் புதிய பெரும்பதிப்பு வரும்போது அந்த மென்பொருளையும் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம் என்பதை மட்டும் நினைவில் கொள்க.

எதிர்த்திசையிலும் இதே கதைதான், ஆனால் இன்னும் கடுமை. ஏபிஎஃப்எஸ் கணக்குள்ள டிஸ்க்கை விண்டோஸ் கணினியில் செருகினால் எழுத மட்டுமல்ல, படிக்கவும் முடியாது. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4-க்கும் வழக்கமான விண்டோஸில் அதே நிலைதான். இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. தனக்குப் புரியாத கணக்கைக் கண்டால், “இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும்” என்ற செய்தியை விண்டோஸ் பல நேரங்களில் காட்டும். ஃபார்மட் என்பது இருக்கும் கணக்கை எறிந்துவிட்டுப் புதிய கணக்கைத் தொடங்குவது. டிஸ்க் வெறுமையாக இருக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை. எனக்கு இந்த மொழி தெரியாது என்றுதான் பொருள். ஆம் என்று அழுத்திவிட்டு அழுதவர்களின் எண்ணிக்கை சிறியதாக இருக்காது.

விண்டோஸ் பாதியில் விட்டுப்போன கணக்கு

லினக்ஸில் நேற்றுவரை எழுத முடிந்த டிஸ்க் இன்று படிக்க மட்டும் என்று நிற்பதும் உண்டு. இதற்குக் காரணம் பெரும்பாலும் விண்டோஸ் விட்டுச்சென்ற ஒரு குறி. கணக்கில் வேலை முடியாமல் இருக்கிறது என்பதைக் காட்ட என்டிஎஃப்எஸ் தன் ஏட்டில் ஒரு குறியை வைத்திருக்கிறது. டிஸ்க்கை முறையாக விடுவிக்காமல் பிடுங்கினால் இந்தக் குறி அப்படியே நின்றுவிடக்கூடும். லினக்ஸ் அதைப் பார்த்ததும், அரைகுறைக் கணக்கில் கைவைக்க மாட்டேன் என்று ஒதுங்கிவிடுகிறது.

இன்னொரு காரணம் கொஞ்சம் தந்திரமானது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், கணினி விரைவாகத் தொடங்க வேண்டும் என்பதற்காக, ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் இயங்குதளத்தின் ஒரு பகுதி முழுதாக நிறுத்தப்படாமல் டிஸ்க்கில் சேமித்து உறங்க வைக்கப்படுகிறது. உறங்கும் அந்தப் பகுதி, திறந்திருந்த டிஸ்க்குகளின் கணக்கைத் தன் நினைவில் வைத்திருக்கும். நடுவில் லினக்ஸ் அந்த டிஸ்க்கில் எதையாவது எழுதினால், விழித்தெழும் விண்டோஸ் பழைய நினைவை நம்பி நடந்துகொள்ளும். எனவே எழுத மறுப்பதே சரியான நடத்தை. வேடிக்கை என்னவென்றால், ‘ஷட் டவுன்’ செய்வதைவிட ‘ரீஸ்டார்ட்’ செய்வதே இந்த விஷயத்தில் முழுமையான நிறுத்தம். ரீஸ்டார்ட்டின்போது விண்டோஸ் இந்தக் குறுக்குவழியைப் பயன்படுத்துவதில்லை.

எல்லோருக்கும் தெரிந்த எளிய கணக்கு

வெவ்வேறு இயங்குதளங்களுக்கு இடையே டிஸ்க்கைக் கொண்டு போய்வர வேண்டும் என்றால், எல்லோரும் எழுதத் தெரிந்த ஒரு கணக்கை அதில் தொடங்குவதே நேர்வழி. அப்படிப்பட்டவை இரண்டு.

பழையது ஃபாட்32. 1996-இல் விண்டோஸ் 95-இன் திருத்திய பதிப்பு ஒன்றோடு வந்தது. பென் டிரைவைச் செருகும் ஏறக்குறைய எந்தச் சாதனமும், கார் ஸ்டீரியோ உட்பட, இதைப் படித்துவிடும். ஆனால் கோப்பின் அளவை எழுத இந்தக் கணக்கில் 32 பிட் இடம்தான் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 32 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,294,967,295. ஒரு கோப்பு அத்தனை பைட்டைத் தாண்ட முடியாது. அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. 64 ஜிபி பென் டிரைவில் 60 ஜிபி காலியாக இருந்தும் 5 ஜிபி வீடியோவை ஏற்க மறுக்கும் மர்மத்துக்கு இதுவே விடை. வினாடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே வீடியோ இந்த எல்லையை பதினொன்றரை நிமிடத்தில் தொட்டுவிடும். கெட்டிமேளம் தொடங்கி அட்சதை தூவி முடிவதற்குள் ஒரு கோப்பின் கொள்ளளவு தீர்ந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றது எக்ஸ்ஃபாட். மைக்ரோசாஃப்ட் 2006-இல் கொண்டுவந்த இதில் அந்த 4 ஜிபி எல்லை இல்லை. மேக்கில் 2010-இன் 10.6.5 பதிப்பு முதல் இதைப் படிக்கவும் எழுதவும் முடிகிறது. 2019 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் இதன் இலக்கணத்தைப் பொதுவில் வெளியிட்டது; அதே ஆண்டு நவம்பரில் லினக்ஸ் கெர்னல் 5.4-இலும் இது இடம்பெற்றது. கேமராவில் போடும் 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள எஸ்டி கார்டுகள் இந்தக் கணக்கோடுதான் வருகின்றன. என்டிஎஃப்எஸ்ஸின் வரலாற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: இலக்கணம் வெளியானது, எல்லோரும் எழுதக் கற்றுக்கொண்டார்கள்.

எளிமைக்கு ஒரு விலை உண்டு. எக்ஸ்ஃபாட்டில் மேலே சொன்ன நாள்வழிப் பதிவு கிடையாது. சிட்டையே இல்லாமல் நேரடியாகப் பேரேட்டில் எழுதும் மண்டி அது. எழுதிக்கொண்டிருக்கும்போது கம்பி பிடுங்கப்பட்டால், எது முடிந்தது எது முடியவில்லை என்று சொல்ல அதில் குறிப்பு இல்லை. திரையில் ‘காப்பி முடிந்தது’ என்று காட்டினாலும், கணினி சில தகவல்களை இன்னும் தன் நினைவகத்தில் வைத்திருக்கலாம். ‘இஜெக்ட்’ கொடுத்தால்தான் அவை முழுவதும் டிஸ்க்குக்குப் போய்ச் சேரும். என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை அலட்சியமாகப் பிடுங்கிப் பழகிய கைக்கு எக்ஸ்ஃபாட் ஏற்றதல்ல. அதேபோல் யார் எதைத் திறக்கலாம் என்ற அனுமதி விவரங்களையும் இது காப்பதில்லை. மேக்கின் டைம் மெஷின் காப்பகத்துக்கும் இது உதவாது. சில பழைய டிவிகள் எக்ஸ்ஃபாட்டை அடையாளம் காண்பதில்லை என்பதால், டிவியில் போட்டுப் பார்ப்பதற்காக வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் பென் டிரைவை ஒருமுறை சோதித்துக் கொடுப்பது நல்லது.

யார் எழுதுகிறார் என்பதே கேள்வி

இந்த இடத்தில் கவனமான வாசகர் ஒரு கேள்வி கேட்கலாம். அலுவலகத்தில் விண்டோஸ் கணினியின் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை நெட்வொர்க்கில் பகிர்ந்து வைத்திருக்கிறார்கள், என் மேக்கிலிருந்து அதில் தாராளமாக எழுதுகிறேனே, அது எப்படி? ஆண்ட்ராய்டு போனின் உட்சேமிப்பு பெரும்பாலும் ஈஎக்ஸ்டி4 அல்லது எஃப்2எஃப்எஸ் கணக்கில் இருக்கிறது. விண்டோஸுக்கு அவை தெரியாது என்றால், கம்பி போட்டு அதில் பாட்டு ஏற்ற முடிவது எப்படி?

இரண்டிலும் உங்கள் கணினி கணக்கைத் தொடுவதே இல்லை. “இந்தப் பெயரில் இந்தக் கோப்பை வைத்துக்கொள்” என்று மறுமுனையிடம் கேட்கிறது. மறுமுனையிலிருக்கும் விண்டோஸோ ஆண்ட்ராய்டோ தன் பேரேட்டில் தானே எழுதிக்கொள்கிறது. மண்டி வாசலில் நின்று மூட்டையை ஒப்படைத்துவிட்டு வருவதைப் போன்றது இது. வெளி ஹார்டு டிஸ்க்கில் கணக்குப்பிள்ளை என்று யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. செருகும் கணினியே கணக்கையும் எழுத வேண்டியிருக்கிறது. ஆகவே அருகில் விண்டோஸ் கணினி இருந்தால், டிஸ்க்கை அதில் செருகிப் பகிர்ந்துவிட்டு மேக்கிலிருந்து எழுதுவதும் ஒரு வழி. வேகம் குறையும், டிஸ்க்கைக் கலைக்க வேண்டியதில்லை.

தமிழ்ப் பெயர்களில் ஒரு சிறு கண்ணி

நம் மொழியில் கோப்புகளுக்குப் பெயர் வைப்பவர்கள் அறிய வேண்டிய ஒன்று இருக்கிறது. யூனிகோடில் ‘தொ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ‘த’வோடு ‘ொ’ என்ற ஒரே குறியைச் சேர்ப்பது ஒன்று, ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்ப்பது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களை எப்போதும் பிரித்த வடிவில்தான் சேமிக்கும். என்டிஎஃப்எஸ்ஸோ எப்படி வந்ததோ அப்படியே வைத்துக்கொண்டு, இரண்டையும் வெவ்வேறு பெயர்களாகக் கருதும். விளைவாக, பழைய மேக் டிஸ்க்கிலிருந்து கோப்புகளை மாற்றியவர்கள் விண்டோஸில் ‘தொகுப்பு’ என்ற ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் அருகருகே இருப்பதைப் பார்த்துத் திகைப்பார்கள். டிஸ்க்கும் கெடவில்லை, கண்ணும் கெடவில்லை. பெயரை விண்டோஸில் மறுபடி தட்டச்சு செய்தால் தீர்ந்துவிடும். பெயரில் கேள்விக்குறி, நட்சத்திரக் குறி போன்றவற்றை விண்டோஸ் ஏற்காது என்பதும் இதே வரிசையில் சேரும்.

ஃபார்மட் பொத்தானுக்கு முன்

டிஸ்க்கில் இப்போது எந்தக் கணக்கு இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். விண்டோஸில் டிரைவின் மேல் வலது சொடுக்கிட்டு ‘பிராப்பர்ட்டீஸ்’ திறந்தால் ‘ஃபைல் சிஸ்டம்’ என்ற வரியில் இருக்கும். மேக்கில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து கமாண்ட் விசையோடு ஐ விசையை அழுத்தினால் ‘ஃபார்மட்’ என்ற வரியில் இருக்கும்.

கணக்கை மாற்றுவதற்குத்தான் ஃபார்மட் என்று பெயர். பழைய பேரேட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிய பேரேட்டைத் தொடங்குவது அது. விரைவு ஃபார்மட்டில் மூட்டைகள் உடனே அழிவதில்லை. எது யாருடையது என்ற விவரம்தான் போய்விடுகிறது. ஆகவே தவறுதலாக ஃபார்மட் செய்துவிட்டால் அந்த ஹார்டு டிஸ்க்கில் மேற்கொண்டு எதையும் எழுதாமல் எடுத்து வைத்துவிட வேண்டும். மீட்பு மென்பொருளுக்கு அப்போதுதான் வாய்ப்பு இருக்கும். கோப்புகள் கெடாமல் என்டிஎஃப்எஸ்ஸை அப்படியே எக்ஸ்ஃபாட்டாக மாற்றும் வசதி விண்டோஸிலும் இல்லை, மேக்கிலும் இல்லை. எல்லாவற்றையும் வேறிடத்துக்கு நகலெடுத்து, திறந்து சரிபார்த்து, பிறகே ஃபார்மட் செய்ய வேண்டும்.

என் நண்பரின் டிஸ்க்கில் 1.4 டிபி அளவுக்குத் திருமணங்கள் இருந்தன; அவற்றை இறக்கி வைக்க மேக்புக்கில் இடமில்லை. அவர் இன்னொரு 2 டிபி டிஸ்க் வாங்கி, பழைய விண்டோஸ் கணினியிலேயே அதை எக்ஸ்ஃபாட்டாக ஃபார்மட் செய்தார். வினாடிக்கு 100 எம்பி என்று கணக்கிட்டாலும் நகலெடுக்க நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஆகும் என்பதால் இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போனார். இப்போது அன்றாட வேலை புதிய டிஸ்க்கில் நடக்கிறது. பழைய டிஸ்க்கை அவர் என்டிஎஃப்எஸ்ஸாகவே விட்டுவிட்டார். பழைய வாடிக்கையாளர் யாராவது கேட்டால் அதை மேக்கில் செருகி வேண்டியதை எடுத்துக்கொள்கிறார். படிக்க மட்டுமே முடியும் என்பதால், டிஸ்க்கை ஃபார்மட் செய்ய உதவும் மேக்கின் டிஸ்க் யூட்டிலிட்டி செயலியைத் திறக்காத வரை, கைதவறிக்கூட அதில் ஒரு திருமணத்தையும் அழிக்க முடியாது.